செயற்றிட்ட அறிக்கையிற் சுருக்கப் பெயர்கள்: எழுதும் முறையும் கணினியில் அமைக்கும் முறையும்

அறிமுகம்



க.பொ.த., இ.போ.ச., ஐ.நா., யுனெஸ்கோ போன்ற சுருக்கப் பெயர்களை நாம் நாளாந்தம் பயன்படுத்துகின்றோம். பழக்கமானவை என்ற காரணத்தினால் மாணவர் பலர் அவற்றை விளக்காமலே செயற்றிட்ட அறிக்கைகளிலும் கட்டுரை விடைகளிலும் எழுதிவிடுகின்றனர். ஆனால் எழுதுபவருக்குத் தெரிந்த சுருக்கம் வாசிப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

பின்வரும் வாக்கியத்தை நோக்குக.

"மா.ச. உறுப்பினர்கள் மக்களால் தெரிவு செய்யப்படுவர்."

இங்கு மா.ச. என்பது மாகாண சபையா, மாநகர சபையா? இரண்டுக்கும் இச்சுருக்கம் பொருந்தும். இரண்டின் உறுப்பினரும் தேர்தல் மூலமே தெரிவாகின்றனர். ஆயினும் மாகாண சபை 1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் வழியாக வந்தது. மாநகர சபை உள்ளூராட்சி நிறுவனம் ஆகும். குடியுரிமைக் கல்வி விடையொன்றில் இவ்வாறு எழுதினால், எந்தச் சபை என ஊகித்துப் புள்ளி வழங்கும் கடமை பரீட்சகருக்கு இல்லை.

இவ்வாறே பி.செ. என்பது பிரதேச செயலகம் என்ற அலுவலகத்தையும் குறிக்கலாம். பிரதேச செயலாளர் என்ற அலுவலரையும் குறிக்கலாம். "பி.செ. இடம் விண்ணப்பிக்கவும்" என்று ஓர் அறிவித்தல் வந்தால், அதைப் பெறும் தாய் ஒருவர் கடித உறையில் என்ன முகவரி எழுதுவார்? நீங்கள் நாளை அலுவலகங்களில் இருந்து கடிதம் எழுதப் போகின்றவர்கள். எனவே இப்பாடம் பரீட்சையோடு முடிந்துவிடுவதன்று.

1. சுருக்கப் பெயர்களின் வகைகள்

அ) எழுத்தெழுத்தாக வாசிக்கப்படுபவை
உ+ம்: ஐ.நா., இ.போ.ச., க.பொ.த., கி.மு.
இவற்றில் ஒவ்வோர் எழுத்தின் பின்னும் புள்ளி இடப்படும். சொல்லின் முதலெழுத்தை உயிர்மெய்யாகவே எடுக்க வேண்டும். "போக்குவரத்து" என்பதன் சுருக்கம் "போ" ஆகும், "ப" அன்று.

ஆ) ஒரு சொல் போல வாசிக்கப்படுபவை
உ+ம்: யுனெஸ்கோ, யுனிசெப், சார்க், நேட்டோ
இவற்றுக்குப் புள்ளி வேண்டியதில்லை. "யு.னெ.ஸ்.கோ." என எழுதுவது பிழையாகும்.

இ) ஆங்கில எழுத்துகளின் ஒலியைத் தமிழில் எழுதுபவை
உ+ம்: எச்.ஐ.வி., பி.பி.சி., டி.என்.ஏ.

ஈ) ஒரு சொல்லின் குறுக்கம்
உ+ம்: திரு., பக்., இல.
நாம் இப்பாடத்திற் பயன்படுத்தும் "உ+ம்" என்பதும் இவ்வகையினதே. "உதாரணம்" என்பதன் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் சேர்ந்து அது உருவானது.

உ) சாய்கோடு இடப்படுபவை
உ+ம்: சா/த, உ/த, பாடசாலைப் பெயர்களின் முன் வரும் யா/, மட்/ என்பன.

கவனிக்குக: சுருக்குதல் ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கம் மட்டும் அன்று. பழைய தமிழ் ஆவணங்களில் மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படி என்பதற்கு ௸ எனக் குறியீடுகள் இருந்தன. இவை இன்று ஒருங்குறியிலும் இடம்பெற்றுள்ளன.

2. புள்ளி ஏன் அவசியம்?

ஆங்கிலத்திற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் அது சுருக்கப் பெயர் என்று வாசகர் கண்டதும் அறிவார். பெரிய எழுத்துகள் வரியில் அதிகம் துருத்திக்கொண்டு தெரிவதால், அச்சமைப்போர் சிலர் அவற்றைச் சற்றுச் சிறிய அளவில் அமைப்பதும் உண்டு.

தமிழில் இவ்வேறுபாடு இல்லை. "இபோச" என்று சேர்த்து எழுதினால் அது ஏதோ ஓர் அறியாத சொல் போலத் தோன்றும். புள்ளியே தமிழிற் சுருக்கத்தைக் காட்டும் அடையாளம். ஆகவே அ, இ வகைகளுக்குப் புள்ளி இடுதல் அவசியமாகும். வாக்கியம் சுருக்கப் பெயரோடு முடிந்தால் ஒரு புள்ளியே போதுமானது. இரண்டு இட வேண்டாம்.

3. எழுதும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

விதி 1: முதலில் முழுப்பெயர், அடைப்புக்குறிக்குள் சுருக்கம், அதன் பின்னர் சுருக்கம் மட்டும்.
உ+ம்: "இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) 1958 இல் நிறுவப்பட்டது. இ.போ.ச. பேருந்துகள் ..."
இப்பாடத்தின் அடிப்படை விதி இதுவே. ஏனையவை யாவும் இதற்குத் துணையானவை.

விதி 2: ஒருமுறை மட்டும் வரும் பெயரைச் சுருக்க வேண்டாம். பின்னர் பயன்படாத சுருக்கத்தை அடைப்புக்குள் இடுவது வாசகரின் நினைவுக்குச் சுமையாகும்.

விதி 3: தலைப்பு, அட்டவணைத் தலைப்பு, படவிளக்கம் ஆகியவற்றில் முழுப்பெயரையே எழுதுக. அறிக்கையைக் கையில் எடுப்பவர் முதலிற் பார்ப்பது பொருளடக்கத்தையும் படங்களையுமே. விளக்கம் 12 ஆம் பக்கத்தில் இருந்தால் அவருக்கு அதனாற் பயனில்லை.

விதி 4: தனித்து வாசிக்கப்படும் ஒவ்வொரு பகுதியிலும் விளக்கத்தை மீண்டும் தருக. பொழிப்பில் விளக்கிய சுருக்கத்தை முதலாம் அத்தியாயத்தில் மீண்டும் ஒருமுறை விளக்க வேண்டும். பரீட்சையில் 3 ஆம் வினாவில் விளக்கியதை 5 ஆம் வினாவுக்கும் போதும் எனக் கருத வேண்டாம்.

விதி 5: ஒரு வடிவத்தையே இறுதிவரை பயன்படுத்துக. ஓரிடத்தில் "யுனெஸ்கோ", இன்னோரிடத்தில் "யுனஸ்கோ" என எழுதினால் வாசகர் ஐயுறுவார்.

விதி 6: சுருக்கத்துள் அடங்கிய சொல்லைத் திரும்ப எழுத வேண்டாம். எச்.ஐ.வி. என்பதன் கடைசி எழுத்தே வைரசைக் குறிக்கின்றது. ஆகவே "எச்.ஐ.வி. வைரசு" என்பது கூறியது கூறலாகும்.

விதி 7: முழுப்பெயரை ஊகித்து எழுத வேண்டாம். பெயரும் சுருக்கமும் எப்போதும் ஒன்றாக மாறுவதில்லை. பின்வரும் இரண்டையும் ஒப்பிடுக.

யுனிசெப்: 1946 இல் உருவானபோது இதன் பெயர் ஐக்கிய நாடுகள் சர்வதேச சிறுவர் அவசர நிதியம் என்பதாகும். 1953 இல் "சர்வதேச", "அவசர" என்ற சொற்கள் நீக்கப்பட்டு ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் ஆயிற்று. பெயர் மாறியது, சுருக்கம் மாறவில்லை.

இ.போ.ச.: 1958 இல் ஆங்கிலத்தில் இதன் சுருக்கம் சீ.ரீ.பீ. என்பதாகும். 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மீண்டும் சபையாக அமைக்கப்பட்டபோது, நாட்டின் புதிய பெயருக்கேற்ப ஆங்கிலச் சுருக்கம் எஸ்.எல்.ரீ.பீ. ஆயிற்று. தமிழில் நாட்டின் பெயர் அன்றும் இன்றும் இலங்கையே. எனவே ஆங்கிலச் சுருக்கம் மாறியபோதும் தமிழ்ச் சுருக்கம் மாறவில்லை.

4. வேற்றுமை உருபு சேரும் விதம்

இலக்கணப் பகுதியிற் படித்த உடம்படுமெய் இங்கு உதவும். சுருக்கத்தின் கடைசி எழுத்து எவ்வாறு ஒலிக்கின்றது என்பதே முக்கியம். முழுப்பெயரின் ஈறு அன்று.

ஐ.நா. + இல் = ஐ.நா.வில் (ஆகார ஈறு, வகரம் தோன்றியது)
இ.போ.ச. + இன் = இ.போ.ச.வின் (அகர ஈறு, வகரம் தோன்றியது)
எச்.ஐ.வி. + இன் = எச்.ஐ.வி.யின் (இகர ஈறு, யகரம் தோன்றியது)
யுனெஸ்கோ + இன் = யுனெஸ்கோவின் (ஓகார ஈறு; வகரம் தோன்றியது)
சார்க் + இன் = சார்க்கின் (மெய்யீறு; உடம்படுமெய் இல்லை, ககரம் இரட்டித்தது)

இதனை நன்கு மனத்திற் கொள்க. அடுத்த பகுதியிற் கணினி செய்யும் ஒரு முக்கியமான தவறு இதனோடு தொடர்புடையது.

5. கணினியில் அமைத்தல்

அறிக்கையைச் சொல் முறைவழிப்படுத்தல் மென்பொருளிற் தட்டச்சுச் செய்யும்போது பின்வருவனவற்றைக் கவனிக்குக.

(1) எழுத்துரு: ஒருங்குறியில் தட்டச்சுச் செய்க. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையிற் தமிழ் தெரிந்தாலும், கணினியின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகளே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் அறிக்கை விளங்காத ஆங்கில எழுத்துக் கோவையாகத் தோன்றும். சுருக்கப் பட்டியலை அகரவரிசைப்படுத்தினாலும் தமிழ் அகரவரிசை கிடைக்காது.

(2) வரி உடைதல்: "க. பொ. த." என இடைவெளி விட்டு எழுதினால், வரியின் முடிவில் "க." தனித்து நின்று "பொ. த." அடுத்த வரிக்குச் செல்லக்கூடும். "க.பொ.த." என இடைவெளியின்றி எழுதினால் அது பொதுவாக உடையாது. "திரு." என்பதற்கும் பெயருக்கும் இடையில், "இல." என்பதற்கும் எண்ணுக்கும் இடையில் இடைவெளி அவசியம். அவ்விடத்திற் கொன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய சாவிகளை அழுத்தியவாறு ஸ்பேஸ் சாவியை அழுத்துக. வேர்ட் மென்பொருளில் இது பிரியா இடைவெளியைத் தரும். இரண்டும் எப்போதும் ஒரே வரியில் நிற்கும்.

(3) தேடிச் சரிபார்த்தல்: தட்டச்சு முடிந்ததும் கொன்ட்ரோல் சாவியுடன் எஃப் சாவியை அழுத்தி ஒவ்வொரு சுருக்கத்தையும் தேடுக. ஆவணத்தின் தொடக்கத்திலிருந்து தேடும்போது முதலில் அகப்படும் இடத்தில் முழுப்பெயர் உள்ளதா? இல்லையாயின் அங்கே சேர்க்குக. பந்திகளை வெட்டி வேறிடத்தில் ஒட்டிய பின்னர் இதை மறுபடியும் செய்க. பெரும்பாலான பிழைகள் இவ்வாறு பந்திகளை இடம் மாற்றும்போதே ஏற்படுகின்றன. விளக்கம் பின்னே போய்விடும். விளக்கமில்லாத சுருக்கம் முன்னே வந்துவிடும்.

(4) பிரதியிடலில் அவதானம்: எல்லா இடங்களிலும் "ஐ.நா." என்பதை நீக்கி "ஐக்கிய நாடுகள் சபை" என இடுமாறு கட்டளையிட்டால் என்ன நிகழும்?

ஐ.நா.வில் → ஐக்கிய நாடுகள் சபைவில் (பிழை) → சபையில் (சரி)
ஐ.நா.வுக்கு → ஐக்கிய நாடுகள் சபைவுக்கு (பிழை) → சபைக்கு (சரி)

கணினிக்கு உடம்படுமெய் தெரியாது. அது எழுத்துகளை மாற்றுமே தவிர ஈற்றைத் திருத்தாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாது, ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுக. சில வினாடிகள் கூடுதலாகச் செலவாகும். ஆனால் அறிக்கை முழுவதும் "சபைவில்" என்று நிற்கும் அவலம் நேராது.

(5) சுருக்கப் பட்டியல்: அறிக்கையிற் சுருக்கங்கள் பல இருந்தால், பொருளடக்கத்தை அடுத்து ஒரு பக்கத்தில் இரண்டு நிரல் கொண்ட அட்டவணை அமைக்குக. இடப்பக்கம் சுருக்கம், வலப்பக்கம் முழுப்பெயர். பட்டியல் இருந்தாலும் விதி 1 நீங்காது. வாசகரை ஒவ்வொரு முறையும் முன்பக்கத்துக்குத் திருப்பி அனுப்புதல் நன்றன்று.

6. மேலதிக அறிவு: கணினியே நினைவிற் கொள்ளும் முறை

பல்கலைக்கழக ஆய்வேடுகளை அமைக்கப் பலரும் லேடெக் என்ற அச்சமைப்பு முறையைப் பயன்படுத்துகின்றனர். டொனால்ட் கனூத் 1978 இல் வெளியிட்ட டெக் என்ற மென்பொருளின் மீது, 1980 களில் லெஸ்லி லாம்போர்ட் இதனைக் கட்டியெழுப்பினார். சுருக்கப் பெயர்களுக்கென இதில் "அக்ரோனிம்" என்ற பொதி உண்டு.

இதன் தத்துவம் எளிமையானது. எழுதுபவர் சுருக்கத்தையும் முழுப்பெயரையும் ஓரிடத்தில் ஒருமுறை பதிவு செய்வார். பின்னர் கட்டுரையில் பெயரைத் தட்டச்சுச் செய்வதற்குப் பதிலாக ஒரு கட்டளையை இடுவார். அக்கட்டளை முதன்முறை வந்த இடத்தில் முழுப்பெயரையும் அடைப்புக்குள் சுருக்கத்தையும் கணினி அச்சிடும். அடுத்த முறைகளிற் சுருக்கத்தை மட்டும் அச்சிடும். பந்திகளை எவ்வாறு இடம் மாற்றினாலும் எது முதலில் வருகின்றது என்பதைக் கணினியே கணக்கிடும்.

வேண்டியபோது எழுதுபவர் தானே கட்டுப்படுத்தவும் வெவ்வேறு கட்டளைகள் உண்டு:
• சுருக்கத்தை மட்டும் காட்டுக.
• முழுப்பெயரை மட்டும் காட்டுக.
• முதன்முறை போல இரண்டையும் மீண்டும் காட்டுக.
• பன்மை வடிவைக் காட்டுக.
• இதுவரை காட்டியதை மறந்து, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குக.

கடைசிக் கட்டளை மேலே கூறிய விதி 4 இன் இயந்திர வடிவமே என்பதை நோக்குக. பொழிப்பு முடிந்ததும் அதனை இட்டால் முதலாம் அத்தியாயத்தில் விளக்கம் மீண்டும் தோன்றும். விளக்கத்தை அடிக்குறிப்பாக இடவும், உண்மையிற் பயன்படுத்திய சுருக்கங்களை மட்டும் பட்டியலிற் காட்டவும் தெரிவுகள் உள்ளன.

எனினும் இங்கும் அவதானம் வேண்டும். தலைப்பில் இக்கட்டளையை இட்டால், அத்தலைப்பு பொருளடக்கத்திலும் வருவதால், பொருளடக்கத்தையே "முதன்முறை" எனக் கணினி கருதக்கூடும். பாடத்தினுள்ளே விளக்கம் தோன்றாது போய்விடும். விதி 3 ஐப் பின்பற்றுபவருக்கு இப்பிரச்சினை எழாது. மேலும், பன்மைக்கு ஆங்கிலத்திலேயே தனிக் கட்டளை வேண்டியிருக்கும்போது, எட்டு வேற்றுமை கொண்ட தமிழுக்கு எழுதுபவரின் கண் எவ்வளவு வேண்டும் என்பதைச் சிந்திக்குக.

7. திருத்தப் பயிற்சி

பின்வருவது மாணவர் ஒருவர் எழுதக்கூடிய பந்தி. இதிலுள்ள பிழைகளைக் காண்க.

"யுனஸ்கோவின் உ.ம.ப. இல் 1982 இல் அநுராதபுரம், பொலனறுவை, சிகிரியா ஆகியன இடம்பெற்றன. 1988 இல் கண்டி, காலி, சிங்கராஜ வனம் என்பன உ. ம. பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, கலாசார அமைப்பு (யுனெஸ்கோ) அமைப்பின் இப்பட்டியலில் 1991 இல் தம்புள்ளையும் 2010 இல் மத்திய மலைநாடும் சேர்ந்தன."

பிழைகள்:
1. முதன்முறை வரும் இடத்தில் யுனெஸ்கோவுக்கு விளக்கம் இல்லை. அது மூன்றாம் வாக்கியத்தில் வருகின்றது.
2. "யுனஸ்கோ", "யுனெஸ்கோ" என இரு வடிவங்கள் உள்ளன.
3. உ.ம.ப. என்பது எங்கும் விளக்கப்படவில்லை.
4. அதே பெயர் "உ. ம. பட்டியல்" என வேறு வடிவிலும் இடைவெளியுடனும் வந்துள்ளது.
5. "அமைப்பு" என்பது இருமுறை வந்துள்ளது.

திருத்திய வடிவம்:

"ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, கலாசார அமைப்பின் (யுனெஸ்கோ) உலக மரபுரிமைப் பட்டியலில் 1982 இல் அநுராதபுரம், பொலனறுவை, சிகிரியா ஆகியன இடம்பெற்றன. 1988 இல் கண்டி, காலி, சிங்கராஜ வனம் என்பன சேர்க்கப்பட்டன. யுனெஸ்கோவின் இப்பட்டியலில் 1991 இல் தம்புள்ளையும் 2010 இல் மத்திய மலைநாடும் சேர்ந்தன."

உலக மரபுரிமைப் பட்டியல் என்பதைச் சுருக்கவே தேவையில்லாது போயிற்று. "இப்பட்டியல்" என்ற சுட்டே போதுமானதாயிற்று. சுருக்கம் எழுத முன்னர் சுட்டுச் சொல் போதுமா எனப் பார்ப்பது நல்ல பழக்கம் ஆகும்.

8. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: சுருக்கப் பெயரைப் படவிளக்கத்தில் தவிர்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் தருக.
விடை: வாசகர் பாடத்தை வாசிக்க முன்னரே படத்தைப் பார்க்கக்கூடும். அப்போது விளக்கம் அவருக்குக் கிடைத்திராது.

வினா 2: பின்வருவனவற்றுட் சரியானது எது?
(அ) ஐ.நா.யில் (ஆ) ஐ.நா.வில் (இ) ஐ.நாஇல் (ஈ) ஐ நா வில்
விடை: (ஆ). ஆகார ஈற்றின் பின் வகர உடம்படுமெய் தோன்றும்.

வினா 3: "இல. 15" என்பது இரு வரிகளாக உடையாதிருக்க என்ன செய்வீர்?
விடை: "இல." என்பதற்கும் 15 என்பதற்கும் இடையிற் பிரியா இடைவெளியை இடுவேன்.

வினா 4: ஆவணம் முழுவதிலும் ஒரு சுருக்கத்தை நீக்கி முழுப்பெயரை ஒரேயடியாக இடுவதனால் ஏற்படும் தீமையை உதாரணத்துடன் விளக்குக.
விடை: சுருக்கத்தின் ஈறும் முழுப்பெயரின் ஈறும் வேறுபடுவதால் உருபு பிழையாகச் சேரும். உ+ம்: "இ.போ.ச.வின்" என்பது "சபைவின்" ஆகும், "சபையின்" என்பதே சரி.

வினா 5: 1950 இல் நடந்த நிகழ்வு ஒன்றை எழுதும்போது யுனிசெப்பின் முழுப்பெயரை எவ்வாறு தருவீர்?
விடை: அக்காலப் பெயராகிய ஐக்கிய நாடுகள் சர்வதேச சிறுவர் அவசர நிதியம் என்பதைத் தருவேன். 1953 இலேயே பெயர் குறுக்கப்பட்டது.

நினைவிற் கொள்க

• முதலில் முழுப்பெயர், பின்னர் சுருக்கம்.
• ஒரு பெயருக்கு ஒரு வடிவம்.
• தலைப்பிலும் படவிளக்கத்திலும் முழுப்பெயர்.
• பந்தியை இடம் மாற்றினால் மீண்டும் தேடிச் சரிபார்க்குக.
• ஈற்றைத் திருத்துவது உங்கள் வேலை. கணினியின் வேலை அன்று.

பயிற்சி: உங்கள் வீட்டுக்கு வந்த அரச கடிதம் அல்லது அறிவித்தல் ஒன்றை எடுத்து, அதிலுள்ள சுருக்கப் பெயர்கள் யாவற்றையும் பட்டியலிடுக. எவற்றுக்கு விளக்கம் தரப்பட்டுள்ளது, எவற்றுக்குத் தரப்படவில்லை எனக் குறிக்குக. விளக்கம் இல்லாதவற்றை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டி, அவர் எவ்வாறு பொருள் கொள்கின்றார் எனக் கேட்டு எழுதுக. அதன் பின்னர் அக்கடிதத்தை அவர் தடையின்றி வாசித்து விளங்கிக்கொள்ளும் வகையில் திருத்தி எழுதுக.